காமெடி ஸ்பீக்கர் வேணும்னு கேக்கறவங்களுக்கு: முதல்ல உங்க எம்.டி. சிரிப்பாரா?

ஆயுத பூஜை முடிஞ்சா போதும், எனக்கு ஒரே மாதிரி போனா வரும். "சார், ஆனுவல் டே வச்சிருக்கோம், நல்லா காமெடியா பேசற ஒருத்தர் வேணும், ஆனா யாரையும் கிண்டல் பண்ணக் கூடாது, பாலிடிக்ஸ் வேண்டாம், மதம் ஜாதி வேண்டவே வேண்டாம், அப்ரைசல் பத்தி தொடக் கூடாது, கடைசில ஒரு மோட்டிவேஷன் மெசேஜ் இருந்தா நல்லது." இதெல்லாம் கழிச்சா மிச்சம் இருக்கறது மாமியாரும் ட்ராஃபிக்கும் தான். அதை வச்சு ஒரு மனுஷன் முக்கா மணி நேரம் முன்னூறு பேரை சிரிக்க வைக்கணும். அரசியலும் மதமும் வேண்டாம்னு சொல்றதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல, ஆபீஸ் மேடைல அது தேவையில்லாத தலைவலி. ஆனா ஆபீஸையே தொடக் கூடாதுன்னா அப்புறம் எதுக்குங்க ஆபீஸ்ல பேச ஆளு?

ஈவென்ட் வேலைல இருக்கறதால சொல்றேன், ஹெச்.ஆர். நண்பர்கள் கோச்சுக்காதீங்க. புரோகிராம் சொதப்புனா மறுநாள் எல்லாரும் சொல்றது "ஸ்பீக்கர் சரியில்ல". யூடியூப்ல அவர் பேச்சைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சவங்க தான் அவரை புக் பண்ணிருப்பாங்க, அதே ஆளு இங்க வந்ததும் எப்படி திடீர்னு சரியில்லாமப் போவாரு? ஆளு அதே ஆளு தான். மாறினது முன்னாடி உக்காந்திருக்கற கூட்டம், அதுலயும் குறிப்பா முதல் வரிசை.

எந்த கம்பெனி விழாவுக்குப் போனாலும் இதை கவனிச்சுப் பாருங்க. முதல் வரிசைல சோபா போட்டிருப்பாங்க, முன்னாடி டீப்பாய், அதுல பூங்கொத்து, தண்ணி பாட்டில், முந்திரி தட்டு. எம்.டி., டைரக்டருங்க, அவங்க வீட்டம்மாக்கள் எல்லாம் அங்க. அதுக்கும் ரெண்டாவது வரிசை சேருக்கும் நடுவுல ஒரு கார் போற அளவுக்கு இடைவெளி. மேடைல ஜோக் விழும். விழுந்த உடனே பின்னாடி இருக்கற அத்தனை கண்ணும் அந்த சோபாவைப் பாக்கும். எம்.டி. தோள் குலுங்குதா? குலுங்குனா மேனேஜருங்க சிரிப்பாங்க, மேனேஜருங்க சிரிச்சா டீம் சிரிக்கும், கடைசி வரிசை ட்ரெய்னி பசங்க விசிலே அடிப்பாங்க. எம்.டி. போனை நோண்டிட்டு இருந்தார்னா அந்த ஜோக் அங்கயே செத்துப் போச்சு. சபாவுல டிக்கெட் வாங்கிட்டு வர்றவன் தனக்காக சிரிப்பான். ஆபீஸ் ஹால்ல சிரிப்புக்கும் அப்ரூவல் வேணும். இது தெரியாம வர்ற ஸ்பீக்கர் முதல் அஞ்சு நிமிஷத்துலயே வேர்த்துருவாரு.

நம்ம ஊர் கம்பெனிங்க ஏன் இவ்வளவு நாளா பட்டிமன்றத்தை விடாம பிடிச்சுட்டு இருக்காங்கன்னு யோசிச்சிருக்கேன். சாலமன் பாப்பையா ஐயாவை பண்டிகை காலைல டிவில பாத்து வளந்த ஊரு, 2021ல அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தப்ப நம்ம வீட்டுப் பெரியவருக்கு கொடுத்த மாதிரி சந்தோஷப்பட்ட ஊரு, அதனால பழக்கம்னு ஒரு காரணம். நெய்வேலி, திருச்சி பெல் மாதிரி டவுன்ஷிப்புகள்ல பட்டிமன்றத்துக்கு இருக்கற மவுசே தனி. ஆனா எனக்கு என்னமோ இன்னொரு காரணமும் தோணுது. பட்டிமன்றத்துல கிண்டல் எல்லாம் எதிரணி மேல தான் விழும், அந்தப் பேச்சாளர் திருப்பி அடிப்பாரு, கடைசில நடுவர் ரெண்டு பேரையும் பாராட்டி ஒரு தீர்ப்பு சொல்லி எல்லாரையும் சமாதானமா அனுப்பி வைப்பாரு. சோபால உக்காந்திருக்கறவர் மேல ஒரு தூசு படாது. தனியா ஒரு ஆளு மைக்கோட நின்னா அப்படி இல்ல, அவருக்கு எதிரணியே நாமதான்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல வெள்ளை மாளிகை நிருபர்கள் சங்கம் வருஷா வருஷம் டின்னர் வைக்கும், ஒரு காமெடியன் வந்து பவர்ல இருக்கறவங்களை கலாய்க்கறது வழக்கம். 2018ல மிஷெல் வுல்ஃப் வந்து, மேடைலயே உக்காந்திருந்த பிரஸ் செக்ரட்டரி சாரா சாண்டர்ஸை வச்சு செஞ்சாங்க, பெரிய சண்டையாச்சு, 2019ல காமெடியனே வேண்டாம்னு ரான் செர்னோங்கற வரலாற்று எழுத்தாளரை கூப்பிட்டாங்க. 2025ல ஆம்பர் ரஃபின்ங்கற காமெடியனை அறிவிச்சுட்டு டின்னருக்கு ஒரு மாசம் இருக்கறப்ப வேண்டாம்னுட்டாங்க. பேச்சு சுதந்திரத்தைப் பத்தி தினமும் எழுதறவங்களுக்கே இந்த நிலைமைன்னா பம்பும் வால்வும் பண்ற கம்பெனியை என்னத்த குறை சொல்றது. ஆனா ஒண்ணு, செர்னோவை கூப்பிட்டதை நான் தப்பு சொல்ல மாட்டேன். தாங்க முடியாதுன்னு தெரிஞ்சா மாத்திக்கறது நேர்மை. கூப்பிட்டு வாயைக் கட்டறது தான் மோசம்.

போன வருஷம் ஈ.சி.ஆர். ரிசார்ட்ல ஒரு சேல்ஸ் மீட், கம்பெனி பேர் வேண்டாம். காலைல இருந்து ரீஜன் வாரியா டார்கெட் ஸ்லைடு, கடைசி இடத்துல இருக்கற பிராஞ்ச் பேரு சிவப்பு கலர்ல, அந்த பிராஞ்ச் மேனேஜரை எந்திரிச்சு நிக்க வச்சு காரணம் கேட்டாங்க. அந்த மனுஷன் முகம் சுண்டிப் போச்சு. அடுத்த நிமிஷம் காம்பியர் பொண்ணு மைக்கைப் பிடிச்சு "இப்போ கலகலப்பா சிரிக்க ரெடியா?"ன்னுச்சு. பாவம் அந்த ஸ்பீக்கர், நல்ல அனுபவசாலி, என்னென்னவோ பண்ணிப் பாத்தாரு, சாவு வீட்டுல நாயனம் வாசிச்ச மாதிரி ஆயிடுச்சு. அன்னைக்கு சாயங்காலம் ஃபீட்பேக் ஃபார்ம்ல அவருக்கு ரெண்டு மார்க். ஸ்லைடு போட்டவருக்கு யாரும் ஃபார்மே கொடுக்கல!

நேர் எதிரா ஒண்ணு சொல்றேன். ஒரகடம் பக்கம் ஒரு ஃபேக்டரி, குடும்ப விழா. வந்த பேச்சாளர் டிவில அவ்வளவா தெரியாத முகம், ஒரு காலேஜ் தமிழ் வாத்தியார். விழா நாலு மணிக்கு, மனுஷன் பன்னெண்டு மணிக்கே வந்துட்டாரு. கேன்டீன்ல சாப்ட்டாரு, செக்யூரிட்டி அண்ணன்கிட்ட டீ குடிச்சுட்டே பேசுனாரு, ஷிஃப்ட் பஸ் டிரைவருங்ககிட்ட பேசுனாரு. கேட்ல இருக்கற முகம் பாத்து அட்டெண்டன்ஸ் போடற மெஷின் நைட் ஷிஃப்ட் முடிச்சு வெளிய வர்றவங்களை மட்டும் அடையாளம் தெரியலன்னு திருப்பி அனுப்புதுன்னு யாரோ சொல்லிருக்காங்க. மேடை ஏறினவரு வணக்கம் சொல்லிட்டு, "உங்க கேட்ல ஒரு மெஷின் இருக்கு, ராத்திரி உள்ள போற ஆளும் காலைல வெளிய வர்ற ஆளும் ஒரே ஆளுன்னு அது நம்ப மாட்டேங்குது, எனக்கும் சந்தேகமா தான் இருக்கு"ன்னாரு. அவ்வளவு தான், ஹால் அதிர்ந்துச்சு. ஒர்க்கருங்களோட சம்சாரங்க தான் முதல்ல சிரிச்சாங்க, அவங்களுக்கு தெரியும்ல வீட்டுக்கு எந்த முகம் வருதுன்னு. பிளான்ட் ஹெட் சிரிச்சுட்டே மெயின்டனன்ஸ் ஆளைத் திரும்பிப் பாத்தாரு. பத்து வருஷம் அங்க வேலை பாத்தவன் மாதிரி பேசறாரேன்னு பின்னாடி ஒருத்தர் சொன்னது என் காதுல விழுந்துச்சு.

இந்த வேலையை ஸ்பீக்கர் செய்யணும்னா கம்பெனி கதவைத் திறந்து விடணும். ஆனா பிரீஃப் கேட்டா வெப்சைட் லிங்க்கும் கம்பெனி விஷன் மிஷன் பி.டி.எஃப்பும் அனுப்பறாங்க! அதுல என்ன இருக்கு சிரிக்கறதுக்கு (இருக்கு, ஆனா அதைச் சொன்னா கோச்சுப்பாங்க). லிஃப்ட் எந்த மாடில நிக்குது, பார்க்கிங் யாருக்கு கிடைக்காது, எந்த சாஃப்ட்வேர் மாசக் கடைசில தொங்குது, எந்த கிழமை கேன்டீன்ல கூட்டம் வராது, இதைச் சொல்லுங்க. ஒரு அரை மணி நேரம் போன்ல பேசினாலே போதும்.

ஆபீஸ்காரங்களுக்கு ஹ்யூமர் வராதுன்னும் இல்ல. கிரேஸி மோகன் கிண்டில மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சுட்டு சுந்தரம் கிளேட்டன்ல வேலை பாத்தவரு. ஸ்டாண்ட்-அப் காமெடியன் அலெக்சாண்டர் பாபு சாஃப்ட்வேர்ல இருந்து வந்தவரு. இங்கிலாந்துல காமெடி நடிகர் ஜான் கிளீஸ் 1972லயே நண்பர்களோட சேந்து வீடியோ ஆர்ட்ஸ்னு கம்பெனி ஆரம்பிச்சு, மேனேஜர்களுக்கு ட்ரெய்னிங் கொடுக்கற படங்களை காமெடியா எடுத்தாரு. மீட்டிங்கை கேவலமா நடத்தற மேனேஜரா அவரே நடிச்சாரு. கம்பெனிகள் அதை காசு கொடுத்து வாங்கி மேனேஜர்களுக்கு போட்டுக் காட்டுச்சு.

அப்புறம் இந்த பொண்டாட்டி ஜோக். தயவு செஞ்சு, போதும். ஹால்ல பாதிப் பேரு பொண்ணுங்க, அதுல பல பேரு டீம் லீடு, அவங்க முன்னாடி "நகை வாங்கிக் கொடுத்தா தான் சோறு"ன்னு பேசினா எழுந்து போக முடியாம பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருக்காங்க. நான் இப்பல்லாம் புக் பண்றப்பவே சொல்லிடறேன், நிறமும் குண்டும் பொண்டாட்டியும் இல்லாம உங்ககிட்ட எத்தனை நிமிஷம் இருக்கு சார்னு. சில பெரிய பேருங்க அந்தக் கேள்விக்கே போனை வச்சுட்டாங்க. பாஷையும் பாத்துக்கோங்க, ஓ.எம்.ஆர். ஆபீஸ்னா தெலுங்கு, மலையாளம், ஹிந்தி பேசற பசங்க நிறைய, சிலேடை எல்லாம் அவங்க தலைக்கு மேல போயிடும். ஃபேக்டரில அந்தக் கவலை கம்மி, அங்க கவலை அஞ்சரை மணி பஸ்.

நேரத்தைப் பத்தி சொல்லியே ஆகணும். நாப்பத்தஞ்சு நிமிஷம்னு பேசிட்டு, லாங் சர்வீஸ் அவார்டு, சால்வை, மொமென்டோ, ஒவ்வொருத்தருக்கும் போட்டோன்னு இழுத்துட்டு, கடைசில "சார் பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சுருங்க, டின்னர் ரெடி"ன்னு மேடை ஓரத்துல வந்து காதுல சொல்றது. பின்னாடி பார்ட்டிஷனுக்கு அந்தப் பக்கம் பஃபே பாத்திரத்துல கரண்டி போடற சத்தம், நெய் வாசனை, பாதிப் பேரு ரவுண்ட் டேபிள்ல மேடைக்கு முதுகைக் காட்டி உக்காந்திருக்காங்க. காமெடியை கட் பண்ணி சின்னதாக்க முடியாதுங்க, முதல் பத்து நிமிஷம் போடற முடிச்சு தான் முப்பதாவது நிமிஷம் அவுழும். நேரம் இல்லன்னா எம்.டி. ஸ்பீச்சை கட் பண்ணுங்க, யாரும் அழ மாட்டாங்க.

காசு விஷயமும் சொல்லிடறேன், ஏன்னா கடைசில திட்டு வாங்கறது என்னை மாதிரி நடுவுல நிக்கறவன். ஒரு லட்சம்னு பேசினா, டி.டி.எஸ்.னு வருமான வரிக்கு பத்து சதவீதம் பிடிச்சு 90 ஆயிரம் தான் அக்கவுன்ட்ல விழும்னு முதல்லயே சொல்லிடுங்க, அவர் ஜி.எஸ்.டி. ரெஜிஸ்டர் பண்ணிருந்தா 18 சதவீதம் தனின்னு அவரும் முதல்லயே சொல்லிடணும். வெண்டர் ஃபார்ம், பான் கார்டு, கேன்சல் செக் எல்லாம் விழாவுக்கு முன்னாடியே வாங்கிக்கோங்க, பேசி முடிச்சுட்டுப் போனவரை மூணு மாசம் அலைய விடாதீங்க. அவர் உத்யம்ல (சிறு தொழில்களைப் பதியற அரசு போர்ட்டல்) மைக்ரோவா பதிஞ்சிருந்தா 2006 குறு, சிறு தொழில் சட்டப்படி பணம் கொடுக்க அதிகபட்சம் 45 நாள் தான் டைம், உங்க ஃபைனான்ஸ் ஆளைக் கேளுங்க. வீடியோ எடுக்கறதும் அவர்கிட்ட கேட்டுட்டு எடுங்க, ஒரு ஹால்ல சொன்ன ஜோக் மறுநாள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல சுத்துனா அடுத்த ஊர்ல அவர் அதைச் சொல்ல முடியாது.

பொங்கல் விழாவுக்கு டேட் கேட்டு இன்பாக்ஸ்ல வந்திருக்கற நாலஞ்சு பேருக்கும் இதுதான் பதில். ஸ்பீக்கர் பேரை அப்புறம் பேசலாம். ஹால் போட்டோ, நிகழ்ச்சி நிரல், யார் யார் எத்தனை நிமிஷம் பேசறாங்க, இது மூணும் அனுப்புங்க. எம்.டி.யை மேடைல லேசா கலாய்க்கலாமான்னு அவர்கிட்டயே நேர்ல கேட்டுட்டு வாங்க, பி.ஏ.கிட்ட கேக்காதீங்க. வேண்டாம்னு சொன்னார்னா சொல்லுங்க, நல்ல லைட் மியூசிக் ட்ரூப் ரெண்டு என்கிட்ட இருக்கு, ஃபீமேல் சிங்கர் பிரமாதமா பாடுவாங்க.