இரும்புக்கையும் இடையனின் மோதிரமும்

சென்ற வாரம் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் என் புத்தக அலமாரியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதில் எதை உண்மையாகவே படிக்கிறீர்கள்?" என்று கேட்டார். வெ. சாமிநாத சர்மா தமிழில் தந்த பிளேட்டோவும் இரும்புக்கை மாயாவி காமிக்ஸும் ஒரே தட்டில் ஒட்டி நின்றது அவருக்குப் பொருந்தவில்லை. இரண்டையும்தான் என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

1962-இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கிய அந்தத் தொடர், 1972-இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தது. என் கைக்குக் கிடைத்தது, பலர் படித்து அட்டை பிய்ந்த ஒரு பழைய பிரதி. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியான லூயிஸ் கிராண்டேலின் உடல் முழுவதும் மறைந்துவிடும்; இரும்பாலான வலக்கை மட்டும் மறையாது. ஆளற்ற அறையில், தோளும் முழங்கையும் இல்லாமல், மணிக்கட்டோடு முடிந்துபோன ஓர் உலோகக் கை அந்தரத்தில் விரல்களை விரித்து நிற்கும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. பின்னாளில் உளவாளியாகி நல்லவர்கள் பக்கம் நின்ற அந்த மாயாவி, தொடக்கத்தில் தன் சக்தியைக் குற்றத்துக்கே பயன்படுத்தினான் என்பது அந்த வயதில் எனக்குப் பெரும் அதிர்ச்சியாக இருந்தது.

பல ஆண்டுகள் கழித்து பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில், சாக்ரடீஸோடு வாதிடும் கிளாக்கன் சொல்லும் கதையைப் படித்தபோது, இதை நான் முன்பே அறிவேன் என்று தோன்றியது. நிலநடுக்கத்தில் பிளந்த பூமிக்குள் இறங்கிய இடையன் ஒருவன், அங்கே ஒரு பிணத்தின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி வருகிறான். அதன் கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டையும் எடுத்துக்கொள்கிறான். பிடிபட மாட்டோம் என்று உறுதியானால் எவன்தான் நேர்மையாக இருப்பான் என்பது கிளாக்கனின் கேள்வி. நீதி அதனளவிலேயே ஆன்மாவுக்கு நன்மை, மோதிரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைச் செய்யவேண்டும் என்று சாக்ரடீஸ் முடித்துச் சொல்வதற்குப் பத்தாம் பகுதி வரை போகவேண்டியிருக்கிறது. வள்ளுவரோ 'தன்நெஞ் சறிவது பொய்யற்க' என்று பார்க்கிற கண்ணை மனிதனுக்கு உள்ளேயே வைத்துவிட்டார்.

என்னைப் பொறுத்தவரை, காமிக்ஸ் இந்த வரிசையில் கடைசியில் ஒதுங்கி நிற்கவேண்டிய ஒன்றல்ல. பிளேட்டோவின் இடையன் முழுவதுமாக மறைகிறான். மாயாவிக்கோ அந்தக் கை மிஞ்சுகிறது. செய்கிற கையை மட்டும் மறைக்க முடியாது என்ற அந்த ஏற்பாட்டை, கதையின் விறுவிறுப்புக்காகவே யோசித்திருக்கலாம். ஆனாலும் அதில் ஓர் அறச்சிந்தனை குடியிருப்பதாகவே நான் கருதுகிறேன். பள்ளியில் ஆசிரியர் ஒருவர் என் பையிலிருந்த மாயாவியைப் பறித்து வகுப்பின் முன்னால் கிழித்துப்போட்டார். உருப்படியான புத்தகம் படி என்று அவர் சொன்னது என் நன்மைக்காகத்தான்; ஆனால் உருப்படியான புத்தகம் எழுப்பப்போகிற கேள்வியை அவர் கிழித்த புத்தகம் ஏற்கெனவே என்னிடம் எழுப்பிவிட்டிருந்தது.

நேற்று பத்து வயது மகள் அதே கதையைப் படித்து முடித்துவிட்டு, "அந்தக் கையும் மறைஞ்சிருந்தா அவன் திருந்தியிருப்பானாப்பா?" என்று கேட்டாள். இன்று இரவு அவளுக்கு இடையனின் கதையைச் சொல்லப்போகிறேன்.