லாவண்டர் எண்ணெயை அப்படியே பூசலாமா? ஒரு திருத்தம்

"இயற்கையானது, கெடவே கெடாது, தீப்புண்ணில் நேராக ஊற்றலாம்" என்று லாவண்டர் எண்ணெயைப் பற்றி ஒரு அக்கா எழுதியிருக்கிறார். இயற்கையானது என்பது சரி; மற்ற இரண்டும் தவறு.

தீப்புண்ணுக்கு முதலில் குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். எண்ணெய் எதுவும் வேண்டாம்.

கெடுவதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். இந்த எண்ணெயில் பெரும்பங்கு லினலூல், லினலைல் அசிட்டேட் என்ற இரண்டு மணப்பொருள்கள். காற்றுப் பட்டால் லினலூல், ஹைட்ரோபெராக்சைடு என்ற வேறு பொருளாக மாறும். தோலில் ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் அதுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜனவரி வெக்கையில், சாட்ஸ்வர்த் வீட்டு ஜன்னலோரம் பாதி காலியான புட்டி நின்றால் சீக்கிரமே மாறத் தொடங்கும். பழுப்புப் புட்டி, இறுக்கமான மூடி, ஃபிரிட்ஜ். மணம் மாறிவிட்டால் தோலுக்கு வேண்டாம்.

அளவு: 1 மி.லி. சுமார் 20 சொட்டு. 30 மி.லி. சூரியகாந்தி எண்ணெயில் 12 சொட்டு விட்டால் 2 சதவீதம்; பெரியவர்களுக்கு அது போதும். கைக்குழந்தைக்குப் பூசவே வேண்டாம். குளிக்கும் தண்ணீரில் சொட்டு விடுவதும் வீண். கரையாமல் மிதந்து, அப்படியே தோலில் ஒட்டும்.

லேபிளையும் பாருங்கள். தூக்கத்துக்கென்று வாங்குவது அங்கஸ்டிஃபோலியா என்ற லாவண்டர் இனம். லாட்டிஃபோலியா என்ற இன்னொரு இனமாக இருந்தால் கற்பூரமும், யூகலிப்டஸ் வாடை தரும் சினியோலும் தூக்கல், மூக்கில் சுரீர் என்று ஏறும். விலை மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டின் கலப்பினமான லாவண்டின்.