நிறைகுடம் வைச்சா நத்தார் இல்லையாம்

எங்கட நத்தார் (கிறிஸ்மஸ்) ஒளிவிழாவில நடந்தது ஊர் முழுக்கத் தெரியும், திரும்பக் கிளற விருப்பமில்லை, ஆனா அண்டைக்கு இருந்து மனசுக்க கிடந்து அரிக்குது. பிள்ளையள் பனையோலை வெட்டி, வயலுக்க போய் வைக்கோல் அள்ளி வந்து கட்டின பாலன் குடில் அது. வாசல்ல கோலம், நிறைகுடம். அதைப் பாத்திட்டு "இது கிறிஸ்தவ முறையில்லை, அடுத்த வருசம் நான் நல்ல மரம் வாங்கித் தாறன்" எண்டு மைக்கைப் பிடிச்சுச் சொல்ல, வெளிநாட்டில இருந்து வந்த உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது? அதைக் கட்டின பிள்ளையள் முன் வரிசையிலதானே இருந்ததுகள்.

சரி, எது முறை? டிசம்பர் 25 எண்டு வேதாகமத்தில எங்கையும் இல்லை. ஆர்மேனியச் சபை இண்டைக்கும் ஜனவரி 6லதான் கொண்டாடுது, எத்தியோப்பியாவில ஜனவரி 7, அவையளும் கிறிஸ்தவர்தானே? மரம் ஜெர்மன்காரரின்ர வழக்கம், விக்டோரியா ராணி குடும்பம் மரத்தைச் சுத்தி நிக்கிற படம் 1848ல பேப்பரில வந்தாப்பிறகுதான் இங்கிலாந்துச் சனமெல்லாம் அதில பிடிச்சுக்கொண்டது. அதே இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1647ல நத்தாரையே தடை செய்தது. பிலிப்பைன்ஸ்காரர் மூங்கிலிலயும் கடுதாசியிலயும் நட்சத்திர விளக்குக் கட்டினம். 1223ல இத்தாலியில கிரேச்சோ எண்ட ஊரில புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் வைக்கேக்க அந்த ஊர் வைக்கோல், அந்த ஊர் மாடு, கழுதைதான். அவர் அந்த ஊரில இருந்ததை எடுத்தார், எங்கட பிள்ளையள் வன்னியில இருக்கிறதை எடுத்ததுகள். இதில என்ன பிழை?

சமயத்தைக் கலக்கக் கூடாது எண்டு சில பேர் இன்பொக்ஸில வகுப்பெடுக்கினம். கலியாண வீட்டில நிறைகுடம் வைக்கேக்க இந்தக் கதை வரேல்லையே. வெளிநாட்டுக்காரரில எனக்குப் பொறாமை எண்டும் ஒராள் எழுதியிருக்கிறார், அதுக்கு நான் என்ன சொல்ல.

போர் முடிஞ்ச 2009 நத்தாருக்கு நாங்கள் செட்டிகுளம் அகதி முகாமில. சொரூபம் இல்லை. அம்மம்மா களிமண்ணை உருட்டிப் பாலன் செய்தா, ஒரு கை நீட்டு, ஒரு கை கட்டை. வெறும் பால்மா ரின்னை நெடுக்க வெட்டி, துவாய்த்துண்டு விரிச்சு அதுக்க கிடத்தினா. கிழிஞ்ச தறப்பாள்தான் கூரை. அதுக்கு முன்னால முழந்தாளில நிண்டு அழுத சனத்திட்ட ஆரும் முறை கேக்கேல்லை. அண்டைக்கு மரம் வாங்கித்தர ஒருத்தரும் வரவும் இல்லை.

மரம் தந்தா தாங்கோ, வைப்பம். ஆனா எங்கட ஓலைக்குடில் நத்தார் இல்லை எண்டு இனி ஒரு பிள்ளைக்கும் சொல்லாதேங்கோ. மூவிராசாக்கள் திருநாள் வரைக்கும் குடிலைப் பிரிக்கமாட்டம், அதுக்குள்ள வந்து அந்தப் பிள்ளையளிட்ட "நல்லாக் கட்டியிருக்கிறியள்" எண்டு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போங்கோ.