பாலாமணி அம்மாள் ஒரு முதலாளி

நேற்று நம்ம கும்பகோணத்து மேடையில் நடந்ததை எல்லாரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அந்தக்கால நாடக நடிகை பாலாமணி அம்மாளைப் பற்றிப் பேச ஒரு பேச்சாளருக்கு 20 நிமிஷம். அதில் பதினைந்து நிமிஷம் அவர் நடித்த 'தாரா சசாங்கம்' நாடகத்தின் எண்ணெய்க் குளியல் காட்சிக்கே போய்விட்டது. முன்வரிசையில் ஒரே சிரிப்பு. மிச்சம் பொன்னாடைக்கு.

அய்யா, அந்தம்மா நாடகக் கம்பெனி முதலாளி. ஸ்திரீபார்ட்டையே, அதாவது பெண் வேஷத்தையே, ஆண்பிள்ளைகள் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், இதே ஊரில் பெண்களை மட்டும் வைத்துக் கம்பெனி நடத்தினவர். கதாநாயகன் வேஷமான ராஜபார்ட்டும் பெண்தான். திருச்சி, மாயவரம் பக்கமிருந்து வருகிற கூட்டத்துக்காக ரயிலே தனியாக விட்டார்கள். அதற்கு 'பாலாமணி ஸ்பெஷல்' என்றே பெயர்.

"கூட்டம் அந்தக் காட்சிக்குத்தானே வந்தது?" என்று கிளம்புவீர்கள். வந்தது என்றே இருக்கட்டும். எதைப் போட்டால் கொட்டகை நிறையும் என்று கணக்குப் போட்டது யார்? அத்தனை பேருக்குச் சோறும் சம்பளமும் கொடுத்தது யார்? முதலாளிதானே?

கடைசியில் மதுரையில் வறுமையில் செத்துப்போனார். அதைச் சொல்லும்போது பேச்சாளர் குரலில் 'ஆடின ஆட்டம்' என்கிற தொனி. ஆண் முதலாளி நொடித்தால் மட்டும் கலைக்காகச் சொத்தை அழித்த வள்ளல்!

செத்துப்போனவருக்காக உனக்கென்ன இவ்வளவு கோபம் என்று கேட்காதீர்கள். நானும் நாலு வருஷம் நாடக செட் நடத்தியவள். ஒரு திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் போட்டோம். விடிந்ததும் பாதிப் பணத்தை நீட்டி, "மீதிக்கு வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா" என்றார் ஒருவர். அட்வான்ஸ் வாங்கினது நான், ரசீதில் கையெழுத்து என்னுடையது. பேசுவதற்கு மட்டும் வீட்டுக்காரர் வேண்டுமாம். ஆர்மோனியக்காரர், பபூன், வேன் டிரைவர் எல்லாரும் வாசலில் நிற்கிறார்கள். அன்றைக்கே தோட்டை அடகு வைத்துக் கணக்கை முடித்தேன். "பின்னாலிருந்து யார் பணம் போடுகிறார்கள்?" என்று அப்போதும் கேட்டார்கள். அடகுக்கடைக்காரர்தான், வேறு யார்?

ஆண்கள் எல்லாரையும் சொல்லவில்லை. சொன்னாலும் தப்பில்லை என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். முன்வரிசையில் வெள்ளைச் சட்டை, தொடையைத் தட்டிச் சிரிக்கிறாரே, அவர்தான். பாக்கி 6,500 ரூபாய் இன்னும் வரவில்லை.