கையை எடுத்தா கரகர!

திண்டுக்கல்ல இருந்து மச்சான் போன் பண்றாரு. டீக்கடையில நிக்கிறாராம். பின்னால ரேடியோவுல எங்க கொடைக்கானல் ஸ்டேஷன், கோடை பண்பலை 100.5, கணீர்னு பாடுது. அதோட ஒலிபரப்புக் கோபுரம் நிக்கிற அதே மலையில, ஒரே ஒரு மேடு தள்ளி இருக்கிற எங்க வீட்டுல கரகர! 100.5 மதுரை, தேனி எல்லாம் போகுது, எங்க அடுப்படிக்கு வர மாட்டேங்குது. எஃப்எம் அலை நேராப் போறது, மேட்டுல முட்டினா இந்தப் பக்கம் சரியா இறங்காது. மேல தகர ஷீட் கூரை வேற. சரி, மலையை யாரும் எனக்கு விக்கல, அதுமேல கோவமில்ல.

எனக்கு வித்தது ரேடியோ சிக்னலை இழுக்கிற ஏரியல் டப்பா. 450 ரூபா. "பூஸ்டர் வச்சது அண்ணே, சும்மா இழுக்கும்"னான் கடைக்காரன். பிளக்குல மாட்டினேன், சிவப்பு லைட் எரிஞ்சுச்சு. கரகர. ஜன்னல் மேல வச்சேன், பீரோ மேல வச்சேன், அரிசி டிரம் மேல வச்சேன். கையில பிடிச்சா பாட்டு வருது, கையை எடுத்தா கரகர. அம்மா பூண்டுத் தாளை அறுத்துக்கிட்டே, "அப்படியே நில்லுடா, அசையாத"ங்குது. நின்னேன். எல்இடி பல்பு போட்டா இரைச்சல் கூடுதுன்னு அதையும் அணைச்சாச்சு. இருட்டுல, ஒரு கையைத் தூக்கிக்கிட்டு, முழுசா நாற்பது நிமிஷம். தோள்பட்டை மரத்துப்போய் கை கொஞ்சம் தாழ்ந்த நேரம் பார்த்து மழைச் செய்தி. போச்சு. பயிர் வச்சவனுக்கு அந்த ஒரு நிமிஷம்தான்யா வேணும்!

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பிரிச்சுட்டேன். உள்ள என்ன தெரியுமா? ஒரு சிவப்பு எல்இடி, ஒரு ரெசிஸ்டர். கரண்டு அந்த லைட்டோட முடிஞ்சுபோச்சு. ரேடியோவுக்குப் போறது ஒரு சாண் வயர், அதுவும் பசை வச்சு ஒட்டினது. பூஸ்டராம் பூஸ்டர்! கடைக்காரன்கிட்ட கொண்டுபோய்க் காட்டினா, "உங்க பக்கம் சிக்னலே வராது அண்ணே"ங்கிறான். இதை விக்கும்போது சொல்ல வேண்டியதுதானே?

வருது. நானே வரவச்சேன். 100.5-க்கு அலை நீளம் கிட்டத்தட்ட 3 மீட்டர், ஏரியல் வயர் அதுல கால்வாசி இருந்தா நல்லாப் பிடிக்கும், அதாவது 75 சென்டிமீட்டர். வீட்டுல கிடந்த வயரை அந்த அளவுக்கு வெட்டி, முனையைச் சுரண்டி, ரேடியோவுல உடைஞ்சு கிடந்த ஏரியல் கம்பியோட அடியில முறுக்கினேன். மறுமுனையை ஷீட்டை விட்டுத் தள்ளி, மேட்டைப் பார்த்த ஜன்னல்ல ஆணியடிச்சு இழுத்துக் கட்டினேன். படுக்க வச்சு, நிக்க வச்சு, சாய்ச்சுப் பார்த்தேன். சாய்ச்சதுல பிடிச்சுக்கிச்சு. செலவு ஒத்தப் பைசா இல்ல.

"போன்ல கேட்டுக்க வேண்டியதுதானே"ன்னு யாரும் வந்துடாதீங்க. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப மரம் சாஞ்சு ரோடு இல்ல, கரண்டு இல்ல, போன் டவர் இல்ல. எங்க கையில இருந்தது பேட்டரி போட்ட இந்த ரேடியோ ஒண்ணுதான். அப்படிப்பட்ட சாமானுக்குப் போலி டப்பா விக்கிறவனுக்கு மனசு எப்படி வருது?

இப்பப் பாட்டு தெளிவா வருது. ஆனா கேக்க விடுறாங்களா? சனிக்கிழமையாச்சே, மலை ரோட்டுல வளைவுக்கு வளைவு டூரிஸ்ட் வண்டி நின்னுபோய் ஒரே ஹாரன். ஏய்யா, முன்னால இருக்கிறவன் எங்கய்யா போவான், பள்ளத்துலயா இறங்குவான்?