பாதுகாப்புத் திட்டம் சேலத்துக்கும்தான்

"தேசிய விமானப் பாதுகாப்புத் திட்டமெல்லாம் சென்னை மாதிரி பெரிய நிலையத்துக்குத்தான், ஏடிஆர் மாதிரி சின்ன விமானம் வந்துபோகிற சேலத்துக்கு எதற்கு?" என்று மேலே ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். அது தவறான தகவல்.

இது நாடு முழுவதற்குமான திட்டம். சிகாகோ ஒப்பந்தம் என்ற சர்வதேச விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 19வது இணைப்பு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு நாடும் இப்படியொரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. இங்கே பொறுப்பு மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவிடம். விபத்து நடக்கும்வரை காத்திருக்காமல், ஆபத்தை முன்பே கண்டுபிடித்துக் குறைப்பதுதான் இதன் வேலை.

சரி, சேலம் விமான நிலையம் இருக்கிற கமலாபுரத்தில் என்ன ஆபத்து? போன மாதம் ஓமலூர் பக்கம் சாலையோரத்தில் கோழிக்கழிவு மூட்டை பிரிந்து கிடந்தது. மேலே ஏழெட்டுப் பருந்துகள் தாழ்வாக வட்டமடித்தன. இறங்குகிற விமானத்தில் ஒரு பருந்து மோதினாலே போதும், எஞ்சினோ கண்ணாடியோ சேதமாகலாம். அதனால்தான் 1937 விமான விதிகளின் 91வது விதி, நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டுவதையே தடை செய்கிறது. சின்ன நிலையத்துக்கு அதில் விலக்கு கிடையாது.

அப்புறம், அப்படி மூட்டையைப் பார்த்தால் விமான நிலையத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன்.