முகாந்தரமில்லாமல்

சென்ற சனிக்கிழமை அடக்க ஆராதனையில் பேசப்பட்டது என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியும் என்பதால் அதை விரிவாக எழுதப்போவதில்லை. பத்தொன்பது வயது மகனின் பெட்டியருகே உட்கார்ந்திருந்த தாயைப் பார்த்து, "காரணமில்லாமல் கர்த்தர் அடிக்கமாட்டார், உங்களை நீங்களே ஆராய்ந்து பாருங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொல்லத் துணிந்த போதகர், வேதாகமத்திலுள்ள யோபுவின் புத்தகத்தைக் கடைசியாக எப்போது திறந்தார் என்பதே என் கேள்வி.

ஏனென்றால் அந்தப் புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நின்ற உத்தமனான யோபுவை "முகாந்தரமில்லாமல்" நிர்மூலமாக்கும்படி ஏவினாய் என்று சாத்தானிடம் சொல்பவர் கர்த்தரே. காரணம் இல்லையென்று அவரே சொல்லிவிட்ட இடத்தில் காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கத்தான் யோபுவின் நண்பர்களான எலிப்பாசும் பில்தாத்தும் சோப்பாரும் அத்தனை அதிகாரங்கள் பேசினார்கள். நியாயமாகச் சொன்னால் அவர்கள் நம்மவர்களைவிட மேலானவர்கள். முதலில் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தார்கள். நம்மவர்களுக்குப் பெட்டியை மூடும்வரைகூடப் பொறுக்கவில்லை.

என் அம்மா சிறுநீரகம் செயலிழந்து வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த காலத்தில், ஜெபிக்க வந்த சிலர் குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் ஏதேனும் உண்டா என்று கேட்டுவிட்டு, நான் கொடுத்த தேநீரையும் குடித்துவிட்டுப் போனார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அம்மா, அன்று இரவு தூங்கவில்லை. "சின்ன வயதில் பக்கத்து வீட்டு முருங்கைக்காயைக் கேட்காமல் பறித்ததுவரை நினைத்துப் பார்த்துவிட்டேன்" என்று விடியற்காலையில் சொன்னார். ஊசி குத்திய கை வீங்கியிருந்த ஞாயிறுகளிலும் அவர் ஆலயத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. துதியில் முடியாமல் இருளிலேயே முடிந்துவிடுகிற 88-ஆம் சங்கீதத்தைத்தான் என்னை அடிக்கடி வாசிக்கச் சொல்வார். அது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், இப்போதும் வருகிறது.

"ஊழியக்காரரைக் குறைசொல்லலாமா" என்று கேட்கப்போகிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. "கர்த்தர் நேசிக்கிறவனைச் சிட்சிக்கிறார் என்று எழுதியிருக்கிறதே" என்பது நல்ல கேள்விதான். ஆனால் சிட்சையை, அதாவது திருத்துவதற்கான தண்டனையை, தன் வாழ்க்கையில் உணர்ந்து சொல்லவேண்டியவன் அதை அனுபவிப்பவன், பக்கத்தில் நிற்பவன் அல்ல. "யோபுவுக்குக் கடைசியில் இரட்டிப்பாய்க் கிடைத்ததே" என்பவர்கள் கணக்கைச் சரியாகப் பாருங்கள். ஏழாயிரம் ஆடுகள் பதினாலாயிரம் ஆயின. பிள்ளைகளோ மறுபடியும் பத்துப்பேர்தான். புதிய பத்துப்பேர் பிறந்ததால், வீடு இடிந்து விழுந்து செத்த முதல் பத்துப்பேரை அவன் மறந்திருப்பான் என்று பிள்ளை பெற்ற யாரும் சொல்லமாட்டார்கள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் மாண்ட யாத்ரீகர்களைப் பற்றியும் இப்படித்தான் பேசினார்கள். எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, அப்படியல்ல என்று இயேசுவே சொன்ன பிறகும் பேசினார்கள். முகாந்தரமில்லாமல் என்ற அந்த ஒரு வார்த்தை நமக்கு ஏன் இவ்வளவு பயமாக இருக்கிறது? அந்தப் பையனுக்கு நடந்தது நம் பிள்ளைக்கும் நடக்கலாம் என்று ஒத்துக்கொள்ளவேண்டி வரும் என்பதாலா?

தான் பிறந்த நாளைச் சபித்தவனும், கர்த்தரோடு வழக்காட வேண்டும் என்று கத்தியவனும் யோபுதான். கர்த்தர் கோபப்பட்டது அவனுக்காக வாதாடாமல் தமக்காக வாதாடிய அந்த மூவர்மேல். ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் கொண்டுபோய், யோபு உங்களுக்காக வேண்டிக்கொள்ளட்டும் என்று அவர்களை அவனிடமே அனுப்பினார். போதகர் ஐயா காளைகளுக்கு எங்கே போவார் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தாயின் வீட்டுக்கு வழி அவருக்கு நன்றாகத் தெரியும்.